ஆறாயிரமா, ஐயாயிரத்து அறுநூறா

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நரம்பு டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். என் மனைவி சாந்தாமணி என்ன சாப்பிடுகிறாள், எத்தனை நிமிடம் ஆகிறது, எதில் புரையேறுகிறது, எந்தச் சொல் சரியாக வரவில்லை, வாரம் ஒரு நாள் எடை. "தேதி போட்டு எழுதிட்டு வாங்க, அது போதும்" என்றார். எனக்குச் சிரமமில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பம்புசெட் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் மோட்டார்களை ஓடவிட்டு, சூடு எவ்வளவு, அதிர்வு எவ்வளவு என்று தேதி போட்டு எழுதுவதுதான் என் வேலை.

எடை 52. காலை மூன்று இட்லி, 25 நிமிடம். புரை இல்லை. 'ர' வருகிற இடங்களில் லேசான வழுக்கல்.

நோயின் பெயர் ஃபைலில் இருக்கிறது, இங்கே வேண்டாம். நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகிற நோய். மார்ச்சில் வலது கையில் ஆரம்பித்தது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் விரலிலிருந்து நழுவி விழுந்ததாம். குனிந்து எடுத்திருக்கிறாள், மறுபடி விழுந்திருக்கிறது. பிள்ளைகள் சிரித்தார்கள் என்று வந்து சொன்னாள். அவளும் சிரித்தாள். இப்போது நாக்குக்கு வந்திருக்கிறது.

பேச்சு எத்தனை நாளைக்கு இருக்கும் என்று நேற்று டாக்டரிடம் கேட்டது அவள்தான், நான் இல்லை. "ரெண்டு மாசமும் இருக்கலாம், ஒரு வருசமும் இருக்கலாம். குரலைப் பதிவு பண்ணி வெச்சுக்கறது நல்லதுங்கம்மா" என்றார்.

மகள் பவதாரிணி சென்னையில் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம். போனில் சொன்னதும் அரை நாளில் எல்லாம் விசாரித்துவிட்டாள். அம்மாவின் குரலில் இருநூறு வாக்கியம் பதிவு செய்தால் போதுமாம். அதைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பின்னால் அம்மா எதை டைப் செய்தாலும் அம்மா குரலிலேயே பேசுமாம். வீட்டிலிருக்கிற பழைய கம்ப்யூட்டர் அந்த வேலையைத் தாங்காது, பெரிதாகப் புதிதாக ஒன்று வேண்டும் என்று பட்டியல் அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் எண் போட்டிருக்கிறாள், ஒன்றைத் தவிர. 'மெமரி 64 ஜிபி, வேகம் எது கிடைக்குதோ அது.'

எது கிடைக்குதோ அது என்றால் என்ன அர்த்தம்?

ஆகஸ்ட் 6, புதன்

வேலை முடிந்து காந்திபுரத்தில் யூனுஸ் பாய் கடைக்குப் போனேன். பட்டியலைப் பார்த்து அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார். பெட்டி, போர்டு, பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, மைக். மெமரியில்தான் நின்றது.

"ஐயாயிரத்தி அறுநூறு ஸ்பீடு கையில இருக்குதுங் சார், இன்னிக்கே எடுத்துட்டுப் போலாம். ஆறாயிரம்னா ரெண்டு நாள். ஆறாயிரத்தி நானூறு சொல்லித்தான் வரவெக்கணும்."

"எதுங்க நல்லது?"

"என்ன வேலைக்குன்னு சொன்னாத்தானுங் சார் சொல்ல முடியும்?"

"குரல் ரெக்கார்டிங் பண்றதுக்கு."

"யாருங், பாடறவங்களா?"

"ஆமாங்" என்றேன்.

மெமரியை மட்டும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மதியம் ரசம் சாதம், புரை ஒரு தடவை என்று சாந்தாமணி சொன்னாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எடை 51.5.

சாந்தாமணி காலையில் ஆறு மணிக்கே தலைக்குக் குளித்துவிட்டாள். வெந்நீரில் தேன் விட்டுக் குடித்தாள். முன்னறை மேஜை மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. இடது கையால் எழுதியது, எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி கோணல்மாணலாக. இருநூறு வாக்கியங்களுக்கும் எண் போட்டிருந்தாள். இதை எப்போது எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் நான் மெமரி பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஆரம்பிக்கலாங்களா?" என்றாள்.

"மெஷினே இன்னும் வரலியே."

"போன்ல பண்ணிக்கலாம்னு பவா சொன்னாளே. மைக்கும் வந்திருச்சு."

மைக்கைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. போனை மேஜையில் வைத்தேன். அவள் முதல் வாக்கியத்தைப் படித்தாள். "என் பெயர் சாந்தாமணி. நான் கணக்கு டீச்சர்." இரண்டாவது படிக்கும்போதே நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஃபேன் சத்தம் விழுகிறது. ஃபேனை நிறுத்தினால் ரோட்டுச் சத்தம். எந்த அறையில் சத்தம் குறைவு என்று பார்க்கப் பின்பக்கம் போனேன். வாஷ்பேசினில் முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது அவள் கதவருகே நின்றிருந்தாள்.

"சத்தம் எவ்வளவுன்னு பாத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"புது மெஷின் வரட்டும். நேரா அதுலயே பதிவு பண்ணினா சுத்தமா இருக்கும்."

அவள் நோட்டை மூடி வைத்துவிட்டுப் போய்த் தலையைத் துவட்டினாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இதுவரை தெரிந்துகொண்டது. மெமரியின் வேகம் என்பது ஒரு விநாடியில் எத்தனை தடவை தகவலைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறது என்பது. எண் கூடினால் வேகம். ஆனால் எண் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், தாமதம் என்று இன்னொரு எண் இருக்கிறது. கேட்டதும் எடுத்துக் கொடுக்க எத்தனை துடிப்பு ஆகிறது என்பது. அது குறைய வேண்டும். 5600-இல் தாமதம் 36 இருக்கிறது, 40-ம் இருக்கிறது. 6000-இல் 30 கிடைக்கிறது. 6400-இல் 32. மெமரியை இரண்டு குச்சியாகப் போட்டால் வேகம் நிற்கும், நான்காகப் போட்டால் போர்டு தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். போர்டு தயாரித்தவர்கள் எந்தெந்த மெமரியைப் போட்டுச் சோதித்தார்கள் என்று நூற்று எண்பது வரியில் பட்டியல் வெளியிட்டிருக்கிறார்கள். அதை முழுக்கப் படித்தேன்.

கிராஃப் தாளில் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். ஆபீசில் சுந்தரவடிவேல் எட்டிப் பார்த்துவிட்டு, "புது மோட்டாருங்களா?" என்று கேட்டான்.

சாப்பாடு நேரம் குறிக்க மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எடை 50.8. பவா மூன்று நாள் லீவில் வந்திருந்தாள், இன்று மதியம் போய்விட்டாள். மெமரி இன்னும் வாங்கவில்லை என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அம்மாவோடு மாடியில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். ரயில்வே ஸ்டேஷனில், "அப்பா, நான் கெளம்பறதுக்குள்ள பதிவு பண்ணிரலாம்னு பாத்தேன். அப்பா பக்கத்துல இருந்தாத்தான் பேசுவேன்னு அம்மா சொல்லிட்டாங்க. உங்களைத்தான் கேக்கறாங்க" என்றாள்.

6400 சொல்லிவிட்டேன். பத்து நாளில் வரும் என்றார் யூனுஸ் பாய்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மெமரி நான்கு நாள் முன்னதாக நேற்றே வந்துவிட்டது. எடை 50.

காலையில் சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்ஷீட் விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். சாந்தாமணி நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். திருகுகளை அவள் இடது உள்ளங்கையில் வைத்திருந்தாள், நான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன். எந்தத் திருகு என்று கேட்காமலே நீட்டினாள். கல்யாணமான புதிதில் இதே மாதிரி ஒரு மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டது ஞாபகம் வந்தது, அதை அவளிடம் சொன்னேன். "அது கடைசி வரைக்கும் சுத்தவே இல்ல" என்றாள். 'சுத்தவே' என்பது 'துத்தவே' என்று வந்தது. அவளுக்கும் கேட்டது. அடுத்த திருகை நீட்டினாள்.

மெமரி உட்காரும்போது 'டக்' என்று ஒரு சத்தம். மின்சாரம் கொடுத்தேன். ஃபேன்கள் சுற்றின, திரை கறுப்பாகவே இருந்தது. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். யூனுஸ் பாய்க்குப் போன் செய்தேன். "மொதத் தடவை அப்படித்தானுங் சார். மெமரியும் போர்டும் ஒண்ணுக்கொண்ணு பழகிக்கோணும். தொடாதீங்க, காத்திருங்க" என்றார். ஒன்பதாவது நிமிடம் திரை வந்தது. சாந்தாமணி மேஜையைத் தட்டினாள், அவள் வகுப்பில் தட்டுவது மாதிரி.

மெமரி சோதனை ஓட விட்டிருக்கிறேன். அது முடியாமல் எதையும் ஆரம்பிப்பதாக இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

மூன்றாவது சுற்றில் நான்கு பிழை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

லீவு போட்டுவிட்டுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். யூனுஸ் பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"குச்சியில கொறையில்லீங் சார். இந்தப் போர்டுக்கு ஆறாயிரத்தி நானூறு கொஞ்சம் மூச்சு முட்டுது. வேகத்தக் கொறச்சு, ஐயாயிரத்தி அறுநூறுல வெச்சு ஓட்டுங்க. ஒரு பிழை வராது."

கடையிலேயே குறைத்து வைத்துக் காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை சோதனை ஓடியது. பிழை பூஜ்யம்.

"எடுத்துட்டுப் போங் சார். உங்க வேலைக்கு இதுவே சாஸ்தி."

குறைத்து ஓட்டினால் தேறிவிடுகிறது. அது தேறியதாகாது. ஐந்து குதிரைசக்தி மோட்டார் என்று சொல்லிவிட்டு மூன்றில் ஓட்டிக் காட்டினால் நான் சீல் வைப்பேனா? மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தாமதம் 30 உள்ள ஆறாயிரம், போர்டுப் பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் இருப்பது, அதைச் சொல்லியிருக்கிறேன்.

"அது வர்றதுக்கு நாளாகுங் சார். இப்ப எங்கியுமே சரக்கு இல்ல."

"பரவாயில்லீங்."

வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணி கேட்டாள். "வேலை செய்யுதுங்களா?"

"இல்ல. பிழை வருது."

இதை இப்படியே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

எடை 48.6. சாதம் குழைத்துப் பிசைந்தால் 40 நிமிடம். தண்ணீரில் புரை. 'ர', 'ல', 'ச' போய்விட்டன. இன்று மெடிக்கல் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். வகுப்பில் கடைசிப் பெஞ்சுப் பிள்ளைகளுக்கு அவள் சொல்வது புரியவில்லையாம். "மொத பெஞ்சுக்கும் புரியல, மரியாதைக்குத் தலையாட்டுதுக" என்றாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சரக்கு வரவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

எடை 47.4. பவா போன் செய்தாள். நான் பேசியதைவிட அவள் பேசியது அதிகம்.

ஆறாயிரத்துக்கும் ஐயாயிரத்து அறுநூறுக்கும் இந்த வேலையில் என்ன வித்தியாசம் என்று நானே கேட்டேன். "அப்பா, இருநூறு வாக்கியத்தக் கத்துக்க ஆறு மணி நேரம் ஆகும்னு வெச்சுக்கங்க. ஸ்பீடு மெமரி போட்டா அஞ்சு நிமிசம் முன்னாடி முடியும். அஞ்சே நிமிசம். அந்த வேலைய கிராஃபிக்ஸ் கார்டு செய்யுது, மெமரி சும்மா பக்கத்துல நிக்குது. அதுனாலதான் எது கிடைக்குதோ அதுன்னு எழுதினேன்."

பிறகு, "யூனுஸ் அங்கிள்கிட்டப் பேசினேன். ஆகஸ்ட்லயே ஓடுச்சாமே?" என்றாள்.

அதற்கப்புறம் அவள் சொன்னதை எழுதவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

எழுதிவிடுகிறேன். "அம்மா பேச்சு போயிரும்னு உங்களுக்குப் பயம்னு எனக்குப் புரியுதுப்பா. ஆனா நீங்க பயந்துட்டு இருந்த அஞ்சு வாரத்துலதான் அது போயிருக்குது" என்றாள்.

யூனுஸ் பாயைக் கூப்பிட்டு, எது இருந்தாலும் கொடுங்கள் என்றேன். "இப்ப எதுவுமே இல்லீங் சார். அன்னிக்கே எடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்றார். பழைய கம்ப்யூட்டரில் பதிவு மட்டுமாவது செய்யலாம் என்று மைக்கைப் பிரித்தேன். சாந்தாமணிக்குச் சளி, காய்ச்சல். குரலே எழவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

எடை 45.9. காய்ச்சல் விட்டது. நெஞ்சில் சளி இன்னும் இருக்கிறது. பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கறிக்கடைக்கும் பால் பூத்துக்கும் கிளம்பினேன். கறி எனக்கு எதற்கு என்று பாதி வழியில் தோன்றியது, வாங்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

மெமரி வந்துவிட்டது. 5600. தாமதம் 40. ஆகஸ்ட் ஆறாம் தேதி யூனுஸ் பாய் கையில் வைத்திருந்த அதே ரகம். மாட்டினேன். சோதனை ஓட்டவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னாள் சாந்தாமணி. கையால் காட்டினாள். வைத்தேன். பொரி அவளால் சாப்பிட முடியாது, பாயசத்தை மிக்சியில் அடித்துக் கொடுத்தேன். 35 நிமிடம்.

அக்டோபர் 5, ஞாயிறு

பதிவு செய்தோம்.

பவா வந்திருந்தாள். ஃபேனை நிறுத்திவிட்டு ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டோம். நான் சாந்தாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைப் பிடித்துப் பக்கம் திருப்பினேன். அந்த நோட்டை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். முதல் நூற்றைம்பது வாக்கியம் பவா அனுப்பியவை, எல்லா எழுத்தும் வர வேண்டும் என்று யாரோ கோத்தவை. 'ஞாயிற்றுக்கிழமை ஙப்போல் வளை' போன்றவை. மீதி ஐம்பது அவள் சொந்தமாக எழுதியவை.

151. வாசக் கதவைச் சாத்துங்க.
152. பவா, சாப்டியா?
160. இந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைங்க.
161. வலிக்குது.
162. வலிக்கல, சும்மா கூப்பிட்டேன்.

ஐம்பதும் அப்படித்தான். என்னென்ன கேட்க வேண்டி வரும் என்று ஆகஸ்டிலேயே உட்கார்ந்து எண்ணி எழுதியிருக்கிறாள். ஃபேன் சத்தம் என்று நான் எழுந்துபோன அன்று இந்தப் பக்கமும் அந்த மேஜையில்தான் இருந்தது.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கினாள். உதட்டோரம் வழிவதை நான் துடைத்துவிட்டேன். இருபதாவதில் தண்ணீர் கேட்டாள், புரையேறாமலிருக்கக் கெட்டியாக்கிய தண்ணீர் ஸ்பூனில் கொடுத்தேன். நாற்பதாவதில் பவா எழுந்து மாடிக்குப் போய்விட்டு வந்தாள். நான் எழவில்லை. அறுபத்திரண்டோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டே கால் மணி நேரம். சொந்தமாக எழுதிய ஐம்பதுக்கு வரவேயில்லை.

எடை பார்க்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

மெஷின் இரவே கற்று முடித்துவிட்டது. இரண்டு மணி நேரம் என்று திரையில் காட்டியது.

பவா கேட்டாள், "அம்மா, மொதல்ல என்ன சொல்லச் சொல்லட்டும்?" சாந்தாமணி இடது கை ஆட்காட்டி விரலால் தானே டைப் செய்தாள். 'வாசக் கதவைச் சாத்துங்க.' ஸ்பீக்கரிலிருந்து வந்தது அவள் குரல்தான், சந்தேகமில்லை. நேற்றைய குரல். ஈரமாக, இழுத்து, எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து. கற்றுக்கொடுத்ததை அப்படியே கற்றிருந்தது.

சாந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. இந்த நோயில் சிரிப்பும் அழுகையும் வந்தால் நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிற்கவில்லை. எது சிரிப்பு, எது அழுகை என்று எனக்குத் தெரியவில்லை, பவாவுக்கும் தெரியவில்லை. ஒருவழியாக அடங்கியதும் ஸ்பீக்கரைக் காட்டி ஏதோ சொன்னாள்.

"என்னம்மா?" என்றாள் பவா. மறுபடி சொன்னாள். பவாவுக்குப் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. "யாருங்க இந்தப் பொம்பள? பாவம்."

பவாவிடம், "போதும்ங்கறா" என்று சொன்னேன்.

அக்டோபர் 16, வியாழன்

எடை 44. மெஷினை அவள் தொடுவதில்லை, இடது கை விரல்களும் இப்போது மடங்க ஆரம்பித்துவிட்டன. பேசத்தான் செய்கிறாள். வேறு யாருக்கும் புரிவதில்லை, எனக்குப் புரிகிறது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நீண்ட லீவு எடுத்துவிட்டேன்.

பள்ளியிலிருந்து ஹெச்.எம். வசந்தகோகிலம் வந்தார். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுவந்திருந்தார். சாந்தாமணி அவரைப் பார்த்து நீளமாகப் பேசினாள். ஹெச்.எம். என்னைப் பார்த்தார்.

அவள் சொன்னது: "பத்தாவது பி-க்கு இன்னும் ஆளு போடலியாமா? எனக்கு ஆப்பிள் வாங்கற நேரத்துக்குக் கல்வி ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கலாம்."

நான் சொன்னது: "புள்ளைகள நெனச்சுக் கவலப்படறாங்."

"பாவம், எப்பவுமே பிள்ளைங்க நெனப்புதான் சாந்தாமணிக்கு" என்று ஹெச்.எம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாந்தாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பியடிக்கிற பிள்ளையை அவள் அப்படித்தான் பார்ப்பாள். பேரைச் சொல்ல மாட்டாள், பார்வையை எடுக்கவும் மாட்டாள்.

அவர் போனதும் மூன்று மணி நேரம் என்னோடு பேசவில்லை. அவள் பேசாவிட்டால் இந்த வீட்டில் வேறு யாரும் பேசுவதற்கில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பட்டாசுப் புகை அவளுக்கு ஆகாது. கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு உள்ளேயே இருந்தோம்.

அக்டோபர் 27, திங்கள்

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

இந்த நோட்டை வாங்கிப் புரட்டினார். நடுநடுவே நின்று படித்தார். என்ன படித்தார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எடை நல்லா எழுதியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு நாற்காலியைச் சாந்தாமணி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "இப்ப நாப்பத்தி மூணு. வாய் வழியாக் குடுக்கறது பத்தலீங்கம்மா. வயித்துல ஒரு குழாய் போட்டுட்டா நேரா அதுல குடுத்தரலாம், சின்ன ஆபரேஷன்தான். மூச்சுத் தெறன் இன்னும் கொறையறதுக்குள்ள பண்ணோணும். இன்னொண்ணும் கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பின்னால ஒரு நாள் மூச்சு முட்டற நெலம வரலாம். அப்பத் தொண்டையில தொளை போட்டு மெஷின்ல வெக்கறதா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லோணும். உங்க விருப்பம் என்னங்கம்மா?"

சாந்தாமணி பதில் சொல்ல நேரமெடுத்துக்கொண்டாள். வகுப்பில் கணக்கைப் போட்டு முடித்துவிட்டுத் திரும்புகிறவள் மாதிரி தெளிவாகத்தான் சொன்னாள். எனக்குத் தெளிவாக இருந்தது.

"குழாய் போடுங்க. பவாவுக்கு ஏப்ரல்ல பரீட்சை முடியுது, அது வரைக்கும் நான் இருக்கோணும். தொண்டையில மெஷின் வேண்டாம். எப்பவுமே வேண்டாம். அந்த நேரத்துல இவரு மாத்திச் சொன்னாலும் கேக்காதீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"குழாய் போடச் சொல்றாங்க" என்றேன்.

"நல்ல முடிவு" என்று ஃபைலில் எழுத ஆரம்பித்தார். சாந்தாமணி மறுபடியும் சொன்னாள், மீதிப் பகுதியை மட்டும். மூச்சு போதாமல் இரண்டு இடத்தில் நின்று நின்று சொன்னாள். டாக்டர் பேனாவை நிறுத்தினார்.

"இன்னும் ஏதோ சொல்றாங்களே?"

"மக பரீட்சை பத்திச் சொல்றாங்க. அது வீட்டு விசயம்."

சொல்லிவிட்டேன். அதைவிடச் சுலபமாக வேறெதையும் என் வாழ்நாளில் சொன்னதில்லை. அந்த அறையில் நாங்கள் மூன்று பேர், அவள் சொன்னது தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

"என்னங்க" என்றாள் சாந்தாமணி.

அந்த ஒரு சொல் இன்னும் அவளுக்கு முழுசாக வருகிறது. டாக்டருக்கே புரிந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. என்னைக் கூப்பிட்டாள், அவ்வளவுதான். இருபத்து மூன்று வருடமாகச் சமையலறையிலிருந்தும் மாடியிலிருந்தும் கூப்பிட்ட அதே மாதிரி.

நான் டாக்டரிடம் சொன்னேன். ஏப்ரல் வரைக்கும் இருக்க விரும்புகிறாள் என்பதை. தொண்டையில் மெஷின் வேண்டாம், எப்பவுமே வேண்டாம் என்பதை. கடைசி வாக்கியம் மிச்சமிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அதையும் சொன்னேன். "அந்த நேரத்துல நான் மாத்திச் சொன்னாலும் கேக்க வேண்டாம்ங்கறாங்க."

டாக்டர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "அம்மா, இவரு சொன்னது சரிங்களா?"

சாந்தாமணி தலையாட்டினாள்.

ஒரு தாளில் எழுதினார், படித்துக் காட்டினார். இடது கையாலும் இப்போது அவளால் பேனா பிடிக்க முடியாது. நர்ஸ் மைப் பெட்டி கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கான ராங்க் கார்டில் சிவப்பு மையால் கையெழுத்துப் போட்டவள் இடது கைப் பெருவிரலை வைத்தாள். கீழே சாட்சிக்கு ஒரு கோடு இருந்தது. டாக்டர் பேனாவை நீட்டியபடியே, "அவசரமில்லீங் சார். வீட்டுல போய் நிதானமா யோசிச்சு, ஆபரேஷனுக்கு வர்றப்பக்கூடப் போட்டுக்கலாம்" என்றார்.

"இல்லீங், இப்பவே போட்டரன்" என்றேன்.

போட்டேன். தேதியும் போட்டேன். சாந்தாமணி மை ஒட்டிய விரலை என் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.